லவுண்ட்ஸ் மாவட்டத்தின் கணக்கு
(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



அமெரிக்கா என்றதும் நம் மனக்கண் முன் நிற்பன நியூயோர்க் நகரத்து மாடங்களும் வாஷிங்டன் மாளிகைகளுமே. அந்த நாட்டின் உண்மையான எடையை நிறுத்துப் பார்க்க விரும்புவோர் இவ்விரண்டையும் விட்டு, தெற்கே அலபாமா மாநிலத்தில் உள்ள லவுண்ட்ஸ் என்னும் சிறு மாவட்டத்துக்குச் செல்லவேண்டும் என்பது என் எண்ணம். மாவட்டம் என்று நான் சொல்வது அவர்கள் ‘கவுண்டி’ என்று வழங்கும் ஆட்சிப் பிரிவை. வரி விதிப்பது, வாக்காளர் இடாப்பை வைத்திருப்பது, யூரர் பட்டியலைத் தயாரிப்பது, சிறைச்சாலையை நடத்துவது ஆகிய யாவும் அங்கே இந்தப் பிரிவின் கையில். ஆகவே ஒரு குடியானவனுக்கு அரசாங்கம் என்பது வாஷிங்டன் அன்று. தன் கவுண்டியின் நீதிமன்றக் கட்டிடமே.

லவுண்ட்ஸ் மாவட்டத்தின் கணக்கை எடுக்க முயன்ற முதல்வன் நானல்லன். 1906ஆம் ஆண்டிலே, கறுப்பின மக்களின் மாபெரும் அறிஞரான டபிள்யு. ஈ. பி. டு போய்ஸ், சமஷ்டி அரசாங்கத்தின் தொழிற் பணியகத்துக்காக இந்த மாவட்டத்தைத் தெரிந்தெடுத்து, உதவியாளர் சிலருடன் வீடுவீடாகச் சென்று கணக்கெடுத்தார். யாருக்கு எவ்வளவு காணி, யார் யாருக்குக் கடன்பட்டவர், யாருக்கு வாக்கு, யார் எழுத்தறிந்தவர் என்பனவெல்லாம் அதில் அடங்கின. பணியகம் அறிக்கையைப் பெற்றுக்கொண்டது, பணத்தையும் கொடுத்தது, ஆனால் அச்சிடவில்லை. அரசியல் விடயங்களை அது தொடுகிறதென்று காரணம் சொல்லப்பட்டது. பின்னர் அவர் கையெழுத்துப் பிரதியைத் திருப்பிக் கேட்டபோது அது அழிக்கப்பட்டுவிட்டதென்ற பதில் வந்ததாக அவரே எழுதியிருக்கிறார். வறியவனின் கணக்கை எடுப்பது குற்றமன்று. அதை வெளியிடுவதுதான் அந்நாளில் அரசியலாயிற்று.

அறிக்கை அழிந்தாலும் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் குடிசன மதிப்பு அழியவில்லை. அதைக் கொண்டே தொடங்குவோம். 1830இல் இம்மாவட்டம் அமைக்கப்பட்டது. அவ்வாண்டே அங்கு 9,410 பேர். பத்தாண்டில் அத்தொகை இரட்டிப்புக்கும் மேலாயிற்று. 1860இல் 27,716 பேர்; அவர்களுள் 19,340 பேர் அடிமைகள். நூற்றுக்கு எழுபது பேர் மற்றவரின் உடைமை! மனிதரும் மாடும் கோவேறு கழுதையும் ஒரே சொத்துப் பட்டியலில் எழுதப்பட்ட நாட்கள் அவை. 1900இல் சனத்தொகை உச்சத்தை எட்டி 35,651 ஆயிற்று. அதன்பின் இறக்கமே. 1930இல் 22,878, 1960இல் 15,417, 2000இல் 13,473, 2020இல் 10,311. நூற்றிருபது ஆண்டுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட மக்களை ஒரு மாவட்டம் இழந்திருக்கிறது. 725 சதுர மைல் நிலத்தில் இப்பொழுது சதுர மைலுக்குப் பதினான்கு பேர். தலைநகரான ஹெயின்வில்லில் ஆயிரம் பேர்கூட இல்லை. எஞ்சியிருப்போரில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் கறுப்பின மக்கள்.

போர் நடந்ததா, கொள்ளை நோய் வந்ததா என்று கேட்பீர்கள். இரண்டும் இல்லை. பருத்தி போயிற்று, பருத்தியோடு மக்களும் போயினர். அதை விளங்கிக்கொள்ள அந்த மண்ணை முதலில் விளங்கிக்கொள்ளவேண்டும்.

அப்பிரதேசத்துக்கு ‘கறுப்பு வளையம்’ என்று பெயர். மக்களின் நிறத்தைக் குறித்து வந்த பெயரென்று பலர் எண்ணுவர். ஆதியில் அது மண்ணின் நிறத்தைக் குறித்தது. அடியிலே சுண்ணாம்புப் பாறை. அதன்மேல் கரிய களிமண். நனைந்தால் வீங்கும், காய்ந்தால் வெடிக்கும், நீரைக் கீழே விடாது. பருத்திக்கு ஏற்ற வளமான மண். அந்த மண்ணுக்காகவே அடிமைகள் அங்கே ஓட்டிச் செல்லப்பட்டனர். இந்தக் களிமண்ணை மறவாதிருங்கள். உரையின் பிற்பகுதியில் இதே மண் வேறொரு வழக்கில் சாட்சியாக வந்து நிற்கப்போகிறது.

அடிமைத்தனம் ஒழிந்தபின்னும் காணி கைமாறவில்லை. விடுதலை பெற்றவன் அதே தோட்டத்தில் வாரக்குடியானவனானான். விதையும் கோவேறு கழுதையும் உணவும் காணிக்காரனிடமிருந்து கடனாக வரும்; அறுவடை முடிந்ததும் கணக்குப் பார்க்கப்படும்; கணக்கை எழுதுபவனும் காணிக்காரனே. எழுத்தறியாதவனுடைய கடன் எந்த ஆண்டில் தீரும்? சட்டம் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இருதரப்பு ஒப்பந்தம் என்று ஏடுகளில் எழுதப்பட்டவற்றுள் இதைவிட ஒருதலைப்பட்சமானதை நான் கண்டதில்லை. 1935இல் வாரக்குடியானவர் சங்கத்தினர் பருத்தி பறிக்கும் கூலியை உயர்த்தக் கேட்டு இம்மாவட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தனர். துப்பாக்கியே பதிலாயிற்று, உயிர்கள் போயின.

விதிவிலக்கு ஒன்றைச் சொல்லாது போனால் கணக்குப் பிழைக்கும். 1892இல் கல்ஹூன் என்னும் ஊரில் வடக்கிலிருந்து வந்த இரு பெண் ஆசிரியர்கள், புக்கர் வாஷிங்டனின் ஆதரவோடு, கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை நிறுவினர். பின்னர் தோட்டக் காணியை வாங்கிச் சிறு துண்டுகளாக்கிக் குடியானவருக்கு விற்கும் ஏற்பாடும் அப்பாடசாலையைச் சார்ந்து நடந்தது. சொந்தக் காணி உள்ளவனை ஒரே இரவில் வீதிக்குத் துரத்த முடியாது. அறுபது ஆண்டுகளின் பின்னர் வாக்குரிமைப் போர் மூண்டபோது சொந்த நிலம் வைத்திருந்தோரின் துணிவு மற்றவர்க்கும் நிழலாயிற்று.

ஆனால் அது சிறு நிழல். 1960களின் நடுவில் 86 வெள்ளைக் குடும்பங்களின் கையில் மாவட்டத்துக் காணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு இருந்தது. இந்த ஓர் எண்ணை நினைவில் வைத்தால் மற்றவை யாவும் விளங்கும். பருத்திவண்டு தாக்கியதும், பறிக்கும் இயந்திரங்கள் வந்ததும், வயல் மேய்ச்சல் நிலமாகவும் மரக்காடாகவும் மாறியதும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. மாட்டுக்கும் பைன் மரத்துக்கும் கூலியாட்கள் வேண்டியதில்லை. டெட்ரோயிட்டுக்கும் சிக்காகோவுக்கும் சென்ற தொடர்வண்டிகள் நிறைந்தன.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். அலபாமாவின் 1901ஆம் ஆண்டு அரசியலமைப்பு, கறுப்பின மக்களின் வாக்கை ஒழிக்கும் நோக்கத்தோடு, அந்நோக்கத்தை மறைக்காமலேயே இயற்றப்பட்டது. எழுத்தறிவுச் சோதனை; தலைவரி; அத்தலைவரியோ ஆண்டுக்கு ஒன்றரை டொலர் வீதம் நிலுவையாகச் சேர்ந்துகொண்டே போகும். சோதனை நடத்துபவனின் மனமே சட்டம். விளைவு என்ன? 1965 தொடங்கியபோது, ஐந்தில் நான்கு பங்கினர் கறுப்பின மக்களான லவுண்ட்ஸ் மாவட்டத்தில், வாக்காளர் இடாப்பில் ஒரு கறுப்பினத்தவரின் பெயர்கூட இல்லை. அதே இடாப்பில் வெள்ளையரின் பதிவோ நூற்றுக்கு நூறையும் தாண்டியிருந்தது! இறந்தோரும் ஊரைவிட்டுச் சென்றோரும் அங்கே தொடர்ந்து குடியுரிமை அனுபவித்தனர். உயிரோடு வயலில் நின்றவனுக்கு அது இல்லை.

1965 மார்ச்சில் செல்மாவிலிருந்து மொன்ற்கொமெரிக்கு 54 மைல் நடந்த பேரணியை நீங்கள் அறிவீர்கள். அவ்விரு நகரங்களுக்கும் இடையே கிடப்பதுதான் லவுண்ட்ஸ். வீதி அங்கே ஒடுங்கியிருந்தபடியால் அப்பகுதியில் 300 பேருக்குமேல் நடக்கக்கூடாதென்று நீதிபதி பிராங் ஜோன்சன் கட்டளையிட்டிருந்தார். பேரணி முடிந்த 25ஆம் தேதி இரவிலே, நடந்தவர்களைத் தன் காரில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த வயோலா லியூசோ என்னும் வெள்ளைப் பெண்மணி, ஐந்து பிள்ளைகளின் தாய், அதே வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆகஸ்டு 20இல் ஹெயின்வில் நகரில், சிறையிலிருந்து அப்பொழுதுதான் விடுவிக்கப்பட்ட ஜொனதன் டானியல்ஸ் என்னும் இறையியல் மாணவர், பதினேழு வயதுக் கறுப்பினப் பெண்ணொருத்தியைத் தள்ளிவிட்டுத் தாம் குண்டை ஏற்று மாண்டார். அவருக்கு வயது 26.

இந்தக் கொலைகளுக்கு ஹெயின்வில் நீதிமன்றம் என்ன செய்தது? லியூசோவைச் சுட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவனின் முதல் விசாரணையில் யூரர் ஒருமுடிவுக்கு வரவில்லை, இரண்டாவதில் விடுதலை. டானியல்சைச் சுட்ட ரொம் கோல்மன், தற்காப்புக்காகச் சுட்டதாகச் சொன்னான், விடுதலை. யூரர் யாவரும் வெள்ளையர்; யாவரும் ஆண்கள். லியூசோ வழக்கின் எதிரிகள் மூவரும் பின்னர் மொன்ற்கொமெரியில் சமஷ்டி நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, குடியுரிமையைப் பறிக்கச் சதிசெய்தனரென்று 1870ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் கீழ்க் குற்றவாளிகளாகக் காணப்பட்டுப் பத்தாண்டு சிறைத்தண்டனை பெற்றனர். கொலைக்கு அன்று, சதிக்கு. சமஷ்டி அரசு கையிலெடுக்க அந்தச் சட்டமே கிடைத்தது.

நண்பர்களே, வாக்குரிமையைப் பற்றி உலகம் பேசுகிறது. யூரர் பட்டியலைப் பற்றிப் பேசுவோர் சிலரே. என் தொழிலின் பற்றினால் இதில் சற்றுத் தங்குகிறேன், பொறுத்தருள்க. கார்டீனியா வைட் என்னும் லவுண்ட்ஸ் மாதும் மற்றும் சிலரும் யூரர் ஆணையாளரான குறூக் என்பவருக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். கறுப்பினத்தவர் முறையாக விலக்கப்படுகின்றனர் என்பது ஒரு முறைப்பாடு. பெண்கள் யூரராக இருக்கவே கூடாதென்ற மாநிலச் சட்டம் செல்லாது என்பது மற்றொன்று. இரண்டாவது வாதத்தை உருவாக்கியோருள் பௌலி மரே, டொரதி கென்யன் ஆகிய இரு பெண் வழக்கறிஞர்கள் முக்கியமானவர்கள். 1966 பெப்ரவரி 7இல் மூன்று நீதிபதிகள் கொண்ட சமஷ்டி மன்று இரண்டு முறைப்பாடுகளையும் ஏற்றது. பெண்களை யூரரிலிருந்து விலக்குவது சட்டத்தின் சமபாதுகாப்புக்கு மாறானது என்ற தீர்ப்பு, ஆயிரம் பேர்கூட இல்லாத ஊரின் வழக்கிலிருந்து பிறந்தது. ஒரு வேடிக்கை: கறுப்பினத்தவரை உடனே சேர்க்கச் சொன்ன மன்று, பெண்களைச் சேர்ப்பதற்கு 1967 ஜூன்வரை அவகாசம் கொடுத்தது. நீதிமன்றக் கட்டிடத்தில் பெண்களுக்கு வசதி செய்ய அத்தனை காலம் வேண்டுமாம்!

1965 ஆகஸ்டு 6இல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாகிச் சில நாட்களுக்குள் சமஷ்டிப் பதிவாளர்கள் லவுண்ட்சுக்கு வந்தனர். வந்ததும் வயதுவந்தோர் வரிசையில் நின்றனர். நின்றவர்களுள் வாரக்குடியானவர்க்குக் காணிக்காரனின் பதில் வீட்டைவிட்டு வெளியேறு என்பதே. வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் 80ஆம் இலக்க வீதியோரம் கூடாரம் அடித்து இரண்டு ஆண்டுகளுக்குமேல் வாழ்ந்தன. இரவில் அக்கூடாரங்களை நோக்கி வெடி தீர்க்கப்பட்டது. 2006இல் அவ்விடத்தில் தேசியப் பூங்காச் சேவை ஒரு காட்சிக்கூடத்தைத் திறந்தது.

அரசியல் அமைப்பாளர்கள் அடுத்து நடந்ததைக் கவனிக்கவேண்டும். அலபாமாவின் ஜனநாயகக் கட்சிக்கு வெள்ளைச் சேவல் சின்னம். அதன்மேல் வெள்ளையரின் மேலாண்மையைப் போற்றும் வாசகம். அக்கட்சியின் மாவட்டக் குழு சில பதவிகளுக்கான வேட்புக் கட்டணத்தை 50 டொலரிலிருந்து 500 டொலராக உயர்த்தியது. அக்கதவைத் தட்டிக்கொண்டிராமல், ஜோன் ஹூலெற் முதலிய உள்ளூரவரும் ஸ்ரோக்லி கார்மைக்கல் முதலிய மாணவத் தொண்டரும் மாநிலச் சட்டத்தையே படித்தனர். ஒரு மாவட்டத்துக்குள் மட்டும் ஒரு கட்சியை அமைக்கலாம் என்ற விதி அதில் இருந்தது. எழுத்தறியாதோருக்காகச் சின்னம் வேண்டுமென்ற விதியும் இருந்தது. அவர்கள் தெரிந்த சின்னம் கருஞ்சிறுத்தை. ஷெரிப்பின் கடமை என்ன, வரி மதிப்பீட்டாளரின் அதிகாரம் என்ன என்று படங்களோடு துண்டுப் பிரசுரங்கள் அச்சிட்டு ஊர்தோறும் வகுப்பு நடத்தினர். 1966 மே 3இல் தேவாலய முற்றத்தில் கூடி வேட்பாளரைத் தெரிந்தனர். நவம்பர் 8இல் எழுவர் போட்டியிட்டனர், எழுவரும் தோற்றனர். காணிக்காரரின் வண்டிகளில் ஏற்றிக் கொண்டுவரப்பட்ட கறுப்பினத் தொழிலாளரின் வாக்குகளும் அத்தோல்வியிற் கலந்திருந்தன என்பது கசப்பான உண்மை. ஆயினும் 1970இல் ஜோன் ஹூலெற் ஷெரிப்பாகத் தெரிவுசெய்யப்பட்டு, இருபது ஆண்டுகளுக்குமேல் அப்பதவியில் இருந்தார். ஓக்லந்து நகரத்தார் தம் இயக்கத்துக்குக் கருஞ்சிறுத்தையின் பெயரைச் சூட்டியது இந்த மாவட்டத்தைப் பார்த்தே.

பதவி வந்தது. பணம் வந்ததா?

இங்கேதான் என் உரையின் முள் இருக்கிறது. கறுப்பினத்தவர் மாவட்ட ஆட்சியில் காலூன்றத் தொடங்கிய பத்தாண்டுக்குள், 1978இல், அலபாமாவின் அரசியலமைப்பு திருத்தப்பட்டது. வயலுக்கும் காட்டுக்கும் சந்தைப் பெறுமதியை விட்டு, நடப்புப் பயன்பாட்டின் பெறுமதியிலேயே வரி விதிக்க வழி பிறந்தது. உள்ளூர்க் காணிவரியை உயர்த்தவேண்டுமானால் மாநிலச் சட்டசபையின் அனுமதியும் மக்கள் வாக்கெடுப்பும் வேண்டும். காணி யாரிடம்? முன்சொன்ன எண்ணை நினைவிற் கொள்க. திறைசேரியின் சாவி கைக்கு வருமுன்னரே பெட்டியின் அளவு குறுக்கப்பட்டுவிட்டது. பாடசாலையின் கதையும் அவ்வாறே: 1966 முதல் வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பாடசாலை எழுந்தது, பொதுப் பாடசாலை பெரும்பாலும் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்றே ஆயிற்று.

2000ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி இடைநிலைக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 23,050 டொலர். தலைக்கு 12,457 டொலர். நூற்றுக்கு 31 பேருக்குமேல் வறுமைக் கோட்டுக்குக் கீழே. தொழிற்சாலைகள் வராமலில்லை. பர்க்வில்லில் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தின் பிளாஸ்ரிக் ஆலை 1980களில் எழுந்தது. 2007இல் அது சவூதி நிறுவனமொன்றின் கைக்குப் போயிற்று. 2005இல் மொன்ற்கொமெரியில் கொரியர்களின் ஹியுண்டாய் கார்த் தொழிற்சாலை திறந்தது. லவுண்ட்ஸ் இளைஞர் நாள்தோறும் அங்கும், அதற்கு உதிரிப்பாகம் செய்யும் ஆலைகளுக்கும் காரோட்டிச் செல்கின்றனர். கார் இல்லாதவனுக்கு வேலையும் இல்லை. அந்நாட்டுக் கிராமத்தில் பஸ் வண்டி கனவுப் பொருள்.

இனி, நான் நினைவில் வைக்கச் சொன்ன களிமண். பரந்து கிடக்கும் இத்தகைய கிராமங்களில் பொதுக் கழிவுநீர்க் குழாய் பெரும்பாலான வீடுகளுக்கு இல்லை. ஒவ்வொருவரும் தம் காணியிலே தொட்டி புதைத்து, நீரை மண்ணுக்குள் கசியவிடவேண்டும். இந்த மண்ணோ நீரை ஏற்பதில்லை. மழை பெய்தால் தொட்டியின் நீர் வீட்டுக்குள்ளேயே திரும்பும். மண்மேட்டின்மேல் அமைக்கும் விசேட முறைக்கு 15,000 டொலருக்குமேல் செலவு. அதனால் பலர் ஒரு குழாயைச் சுவருக்கு வெளியே நீட்டி மலசலத்தை வெட்டவெளியிலோ அகழியிலோ விடுகின்றனர். சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய நாட்டில் இது!

உரிய கழிவகற்றும் வசதியின்றி இருப்பது அலபாமாச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். மண்ணும் வறுமையும் செய்த பிழைக்கு வீட்டுக்காரன் எதிரிக்கூண்டில்! எத்தனை வீடுகள் இந்நிலையில் உள்ளன என்று கேட்டால், நூற்றுக்கு நாற்பது முதல் தொண்ணூறுவரை என்கிறார்கள் ஆய்வாளர். நாற்பதா தொண்ணூறா? இவ்வளவு அகன்ற எண் எவ்வாறு வந்தது? கழிவுநீர் எங்கே போகிறது என்ற கேள்வி 1990க்குப் பின்னர் குடிசன மதிப்புப் படிவத்திலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. டு போய்சின் அறிக்கை எடுத்தபின் அழிந்தது. இது எடுக்கப்படாமலே போனது.

கதரின் கோல்மன் பிளவர்ஸ் என்னும் லவுண்ட்ஸ் மாது அந்தக் கணக்கை வீடுவீடாகச் சென்று எடுக்கத் தொடங்கினார். 2017இல் வெளியான ஆய்வொன்றில், சோதிக்கப்பட்ட 55 பேரில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோரிடம் கொக்கிப்புழுவின் தடயம் காணப்பட்டது. அது சிறிய ஆய்வு. மாவட்டம் முழுவதற்கும் அந்த விகிதத்தைப் பொருத்துவது முறையன்று. ஆனால் அமெரிக்காவில் ஒழிந்துவிட்டதென்று நம்பப்பட்ட நோய்க்கு ஒரு சாட்சி போதும். அதே ஆண்டு டிசம்பரில் கடும் வறுமையை ஆராயும் ஐக்கிய நாடுகள் சபையின் விசேட அறிக்கையாளர் பிலிப் அல்ஸ்ரன் அங்கு வந்து, வளர்ந்த நாடுகளில் இத்தகைய காட்சி அரிதென்று சொல்லிச் சென்றார்.

ஏன் இவர்கள் விற்றுவிட்டுப் போகக்கூடாது என்று கூட்டம் தொடங்குமுன் ஒரு நண்பர் கேட்டார். விற்க எழுத்து வேண்டும். பாட்டன் வாங்கிய காணி மரணசாசனமின்றிப் பிள்ளைகளுக்கும், அவர்தம் பிள்ளைகளுக்கும் பிரியாமல் இறங்கியிருக்கிறது. டெட்ரோயிட்டில் உள்ள பேரனுக்கும் அதில் ஒரு பங்கு. தெளிந்த உறுதி இல்லாத காணியை ஈடாக வைத்து வங்கி கடன் கொடாது. உதவித் திட்டங்களிலும் உரிமைப் பத்திரம் கேட்பர். ஒரு பங்கை மட்டும் வெளியார் வாங்கிப் பிரிவினை வழக்கிட்டு, முழுக் காணியையும் ஏலத்தில் விழுத்துவதும் உண்டு. இதற்கெனக் காப்புச் சட்டமொன்றை அலபாமா 2014இல் இயற்றிற்று. அதற்குமுன் போன காணி போனதுதான். தவிர, கூடாரத்தில் வாழ்ந்தும் ஊரை விடாதவர்களின் பிள்ளைகளிடம் போ என்று சொல்ல நாம் யார்?

2021 நவம்பரில் சமஷ்டி நீதித் திணைக்களம், 1964ஆம் ஆண்டுக் குடியியல் உரிமைச் சட்டத்தின் கீழ், மாநிலச் சுகாதாரத் திணைக்களம் லவுண்ட்சின் கறுப்பின மக்களுக்கு ஓரவஞ்சனை செய்கிறதா என்று விசாரணை தொடங்கியது. 2023 மேயில் ஓர் இடைக்கால உடன்பாடு ஏற்பட்டது: வழக்குத் தொடர்வது நிறுத்தப்படும், நிலைமை மதிப்பிடப்படும், கழிவகற்றும் வசதி செய்துகொடுக்கத் திட்டம் வகுக்கப்படும். சுற்றாடல் பற்றிய விடயத்தில் அந்தச் சட்டத்தைக் கொண்டு எட்டப்பட்ட அத்தகைய முதல் உடன்பாடு அதுவே. 2025 ஏப்ரலில் புதிய ஆட்சியின் நீதித் திணைக்களம், இனத்தைக் கருத்திற் கொண்ட ஏற்பாடு என்று காரணங்காட்டி, அவ்வுடன்பாட்டை முடித்துவைத்தது. ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பணம் தீரும்வரை தொட்டிகளைப் புதைக்கும் வேலையைத் தொடர்வோம் என்று மாநிலத் திணைக்களம் அறிவித்தது.